பழைய கார் எஞ்சினில் ஆயில் ப்ரெஷர்: எது நார்மல், கோளாறு எங்கே?

வெயில் காலத்தில் பழைய காரை வடசென்னைக்குள் ஓட்டுகிறவர்கள் எல்லோரும் இதைப் பார்த்திருப்பார்கள். காலையில் திருவொற்றியூரில் செல்ஃப் அடித்ததும் 60 பி.எஸ்.ஐ.-ல் (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற ப்ரெஷர் கணக்கு) போய் நின்ற ஆயில் கேஜ் முள், எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் டிரெய்லர்களுக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து காசிமேடு போய்ச் சேர்வதற்குள் 15-க்கு இறங்கியிருக்கும். கேஜ் இல்லாத காரில் சிவப்பு விளக்கு மினுக்கும். பட்டறையில் காட்டினால் பெரும்பாலும் இரண்டில் ஒரு பதில் வரும்: “எஞ்சினை இறக்கிடலாம் சார்”, இல்லையென்றால் “கெட்டி ஆயிலா ஊத்திடலாம் சார்”. முதலாவது அவசரம். இரண்டாவது ஆபத்து.

இரண்டுக்கும் முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. மூன்று அளவுகளை எடுத்து எழுதி வையுங்கள்: குளிர்ந்த எஞ்சின் ஸ்டார்ட் ஆனதும் எவ்வளவு, அரை மணி நேரம் ஓடிச் சூடான பிறகு ஐட்லிங்கில் எவ்வளவு, அதே சூட்டில் சுமார் 2,000 ஆர்.பி.எம்.-ல் (எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் சுற்று) எவ்வளவு. பழைய கார்களில் ஆர்.பி.எம். மீட்டர் இருக்காது. அம்பாசடராக இருந்தால் டாப் கியரில் மணிக்கு 55 கி.மீ. என்பது ஏறக்குறைய அந்த வேகம்தான். இந்த மூன்று எண்களும் கையில் இருந்தால், கோளாறு பம்பிலா, வால்விலா, பேரிங்கிலா, வெறும் கேஜிலா என்று, எஞ்சினின் அடியில் ஆயில் தங்கும் தொட்டியான ஆயில் சேம்பரைக் கழற்றாமலே பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

உங்கள் எஞ்சினுக்கு எது நார்மல்?

பம்ப் ஆயிலைத் தள்ளுகிறது. அந்த ஆயில் கிராங்க் (பிஸ்டன்கள் சுற்ற வைக்கும் தண்டு), கேம், ராக்கர் (இரண்டும் எஞ்சின் வால்வுகளைத் திறப்பவை) பேரிங்குகளின் இடுக்குகள் வழியே கசிந்து மறுபடி சேம்பருக்கே விழுகிறது. கசியும் வழி குறுகலாக இருந்தால் ப்ரெஷர் ஏறும், அகன்றால் இறங்கும். ஆயில் சூடாகி இளகினாலும் இறங்கும். ஆகவே ஆரோக்கியமான எஞ்சினிலும் சூட்டில் ஐட்லிங் ப்ரெஷர் விழத்தான் செய்யும். விழுவது குற்றமில்லை, எதுவரை விழுகிறது என்பதுதான் பார்க்க வேண்டியது.

வடசென்னைக்கே உரிய கார் ஒன்றிலிருந்து தொடங்கலாம். 1948-ல் உருவான அசோக் மோட்டார்ஸ், 1949-ல் எண்ணூரில் ஆஸ்டின் ஏ40 காரைப் பூட்டி வெளியே விட்டது. அசோக் லேலண்ட் என்ற பெயர் 1955-ல்தான் வந்தது. அந்த ஏ40-ன் 1,200 சி.சி. எஞ்சினின் வழியில் வந்ததுதான் பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) பி-சீரிஸ். அதன் 1,489 சி.சி. எஞ்சின்தான் அம்பாசடரில் பல்லாண்டு ஓடியது. பி-சீரிஸ் எஞ்சினில், சூடான நிலையில், ஓட்டத்தில் 50 பி.எஸ்.ஐ. அக்கம்பக்கமும் ஐட்லிங்கில் 10 முதல் 25 வரையும் இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். பட்டறையில் “கிலோ” கணக்கில் பேசுவார்கள். ஒரு கிலோ என்றால் சுமார் 14 பி.எஸ்.ஐ. ஆக, ஓட்டத்தில் மூன்றரைக் கிலோ.

ஊரின் இன்னொரு முனையில், வண்டலூர்ப் பக்கம் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கு, சூட்டில் 2,000 ஆர்.பி.எம்.-ல் 40 முதல் 60 வரை.

இந்த எண்களை வைத்துக்கொண்டு இன்னும் பழைய காரைப் பார்த்தால் பயந்துபோவீர்கள். 1940-களின் செவ்ரோலே 216 ஆறு சிலிண்டர் எஞ்சினில் மெயின் பேரிங்குக்கும் (கிராங்கைப் பிளாக்கில் தாங்குவது) கேமுக்கும்தான் ப்ரெஷர். கனெக்டிங் ராடு தன் அடியில் உள்ள சிறு கரண்டியால் தொட்டி ஆயிலை மொண்டுகொள்ளும். அதில் கேஜ் 15-ஐ ஒட்டி நின்றால் அதுவே முழு ஆரோக்கியம். ஃபோர்டு மாடல் ஏ-யில் பம்ப் ஆயிலை மேலே ஏற்றிவிடும், மிச்ச வேலையை இறக்கமும் தெறிப்பும் பார்த்துக்கொள்ளும். கேஜ் மாட்டினாலும் காட்ட ஒன்றும் இருக்காது. மாடல் டி-யில் பம்பே கிடையாது. அப்படிப்பட்ட எஞ்சினில் 50 பி.எஸ்.ஐ. வர வைக்கிறேன் என்று யாராவது சொன்னால் சாவியைக் கொடுக்காதீர்கள்.

கையேடு கிடைக்காத, முழு ப்ரெஷர் வகை எஞ்சினுக்கு ஒரு பழைய கணக்கு உண்டு: சூட்டில் ஒவ்வொரு 1,000 ஆர்.பி.எம்.-க்கும் 10 பி.எஸ்.ஐ. குறைந்தபட்சம். 600-ல் ஐட்லிங் என்றால் 6 வந்தாலும் எஞ்சின் செத்துவிடாது. ஆனால் கையேடு இருந்தால் கையேடுதான் பேச வேண்டும்.

எந்த அறிகுறியானாலும், முதலில் கேஜையே சந்தேகப்படுங்கள்

எழுபது வருடத்துக் கேஜ் சொல்வதை நம்பி எஞ்சினைப் பிரிப்பது சரியில்லை. பாரிமுனை ஹார்டுவேர் கடைகளில் 0–7 கிலோ மெக்கானிக்கல் கேஜ் வாங்கி, நீளமான ஹோஸ் போட்டுத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். காரின் கேஜ் பைப் அல்லது விளக்கு சுவிட்ச் பூட்டியிருக்கும் துளையில் இதை மாட்டி, மூன்று அளவுகளையும் இதிலேயே எடுங்கள்.

மாட்டும்போது மரையைக் கவனியுங்கள். பிரிட்டிஷ் கார்களில் அந்தத் துளை பெரும்பாலும் எட்டில் ஒரு அங்குல பி.எஸ்.பி. என்ற பிரிட்டிஷ் பைப் மரை; அமெரிக்கக் கார்களில் அதே அளவு என்.பி.டி. என்ற அமெரிக்க மரை. ஒன்றில் அங்குலத்துக்கு 28 மரை, மற்றதில் 27. கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. தப்பான அடாப்டரும் ஒன்றிரண்டு சுற்று ஏறிவிடும், அப்புறம் இறுகும். அந்த இடத்தில் ஸ்பானரைத் தேடினால் பிளாக்கின் மரை போய்விடும். விரலால் மூன்று சுற்று தடங்கலில்லாமல் ஏறினால்தான் அது சரியான அடாப்டர்.

இதே சமயம் கேஜுக்குப் போகும் பழைய செம்புப் பைப்பையும் பாருங்கள். அதிர்ந்து அதிர்ந்து செம்பு கெட்டியாகி, நட்டுக்குப் பக்கத்தில் மயிரிழை விரிசல் விடும். எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவே பைப்பில் ஒரு சுருள் விட்டிருக்க வேண்டும். நேராக இழுத்துக் கட்டியிருந்தால், அது உடைகிற நாளில் ஓட்டத்திலேயே ஆயில் முழுவதும் வெளியே போய்விடும்.

விளக்கு மட்டுமே உள்ள காரில் இன்னொரு சோதனை. சாவியைப் போட்டு எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் பாருங்கள், விளக்கு எரிய வேண்டும். எரியவில்லையா? பல்பு, வயர், சுவிட்ச் மூன்றில் ஒன்று போயிருக்கிறது; இத்தனை நாள் நீங்கள் காவல் இல்லாமல் ஓட்டியிருக்கிறீர்கள். ராயபுரம், காசிமேடு, எண்ணூர் என்று கடலோரம் நிற்கும் கார்களில் சுவிட்ச் டெர்மினலில் பச்சை பூத்து இப்படி ஆவது சாதாரணம். எமரித் தாளால் சுரண்டி, கொஞ்சம் வாசலைன் தடவிவிட்டால் போதும்.

அறிகுறி: சூடானதும் ஐட்லிங்கில் விழுகிறது, ரேஸ் கொடுத்தால் ஏறிவிடுகிறது

பத்தில் எட்டுப் பேர் கேட்பது இதைத்தான். சரியான கேஜில் சூட்டில் ஐட்லிங் 10-க்கு மேல், ஓட்டத்தில் 45–50 என்றால் பி-சீரிஸ் எஞ்சினில் எந்த வேலையும் இல்லை. அப்படியும் விளக்கு மினுக்கினால் சுவிட்ச்தான் கெட்டிருக்கிறது. பொதுவாக 5 முதல் 7 பி.எஸ்.ஐ. அளவில்தான் அது விளக்கை ஏற்ற வேண்டும்.

10-க்குக் கீழே போகிறதென்றால் வரிசையாகப் பாருங்கள். ஐட்லிங் வேகம் குறைவாக வைத்திருக்கிறதா? பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறேன் என்று கார்புரேட்டர் ஸ்குரூவைத் தளர்த்தி, எஞ்சின் விக்கி விக்கி ஓடும் அளவுக்கு வைத்திருப்பார்கள். பம்ப் எஞ்சினோடு சேர்ந்து சுற்றுவது. வேகம் பாதியானால் தள்ளும் ஆயிலும் பாதி. கையேட்டில் உள்ள வேகத்துக்குக் கொண்டுவந்துவிட்டு மறுபடி அளவு எடுங்கள்.

அடுத்து டிப்ஸ்டிக். லெவல் குறைந்திருந்தால் காரணம் தெரிந்துவிட்டது. லெவல் *ஏறியிருந்தால்* இன்னும் கவனம் வேண்டும். டிப்ஸ்டிக்கை மூக்கருகே கொண்டுபோங்கள். பெட்ரோல் வாடை வந்தால் ஏ.சி. பம்பின் (எஞ்சினோடு ஓடும் பெட்ரோல் பம்ப்) டயாஃப்ரம் கிழிந்து பெட்ரோல் சேம்பருக்குள் இறங்குகிறது. பழைய ரப்பரும் துணியும் சேர்ந்த டயாஃப்ரம், இப்போது பங்க்கில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்காகச் செய்ததல்ல; ஊறி உப்பி விட்டுவிடும். எத்தனால் தாங்கும் டயாஃப்ரம் கிட் போட்டு, ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றினால் ப்ரெஷர் தானாகத் திரும்பும். பெட்ரோல் கலந்த ஆயிலோடு ஒரு நாள்கூட ஓட்டாதீர்கள். பேரிங் தேய்வது ஒரு பக்கம், அந்த ஆவி தீப்பிடிக்கும் அபாயம் இன்னொரு பக்கம். ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது, ஹெட் பேக்கிங்கைப் பாருங்கள். வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதைத் தண்ணீரில் இறங்கி ஏறிய காரிலும் இந்த நிறத்தை எதிர்பார்த்துத்தான் டிப்ஸ்டிக்கை உருவ வேண்டும்.

இனி ஆயிலின் கெட்டித்தன்மை. இதை நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் நல்ல எஞ்சின்கள் கெடுகின்றன.

எஸ்.ஏ.இ. 30 ஆயில் 100 டிகிரி செல்சியஸில் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்ஸ் (கெட்டித்தன்மையின் அலகு) வரை. 40 என்றால் 12.5 முதல் 16.3, 50 என்றால் 16.3 முதல் 21.9. எண் ஏற ஏற ஆயில் கெட்டி, கசிவு குறைவு, கேஜில் முள் உயரம். பார்க்கச் சந்தோஷமாக இருக்கும். ஆனால் பேரிங் உயிரோடு இருப்பது அதன் வழியே *ஓடும்* ஆயிலால். உராய்வில் உண்டாகும் சூட்டை அள்ளிக்கொண்டு போவது அந்த ஓட்டம்தான். கெட்டி ஆயிலில் ப்ரெஷர் ஏறி ஓட்டம் குறைகிறது. காலையில் செல்ஃப் அடித்தவுடன் ராக்கர் வரை ஆயில் போய்ச் சேரக் கூடுதல் நேரம் பிடிக்கிறது. தேய்மானத்தில் பெரும்பங்கு அந்த நொடிகளில்தான் நடக்கிறது. அந்தக் காலத்தில் 30 கேட்ட எஞ்சினுக்குச் சென்னை வெயிலில் 20டபிள்யூ-40 பொருத்தம். நன்றாகத் தேய்ந்த எஞ்சினுக்கு 20டபிள்யூ-50 வரை போகலாம். அதற்கும் மேலே தனி 50 கிரேடு, டப்பாவில் வரும் தேன் போன்ற ட்ரீட்மென்ட் என்று போனால் அது வைத்தியம் ஆகாது, நோயை மூடி வைப்பது. காரை விற்கப் போகிறவர்கள் செய்யும் வேலை அது. வாங்கப் போகிறவர்கள் ஆயிலை இரண்டு விரலில் தேய்த்துப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.

லூஸ் ஆயில் வாங்கவே வேண்டாம். மணலி ஆலையில் லூப் பேஸ் (ஆயிலுக்கான மூல எண்ணெய்) எடுத்து, தண்டையார்பேட்டையில் ஆயில் கலந்து டப்பாவில் அடைக்கிற பகுதி இது. சீல் உடையாத டப்பாவுக்கு இங்கே பஞ்சமில்லை.

ஆயிலும் சரி, ஐட்லிங்கும் சரி, அப்படியும் 5, 6-லேயே நிற்கிறதா? மிச்சம் இருப்பது பேரிங் தேய்மானமும் பம்ப் தேய்மானமும்தான். பேரிங் இடைவெளிக்கு ஜர்னல் (பேரிங்குக்குள் சுற்றும் கிராங்க் பகுதி) விட்டம் ஒரு அங்குலத்துக்கு ஒரு தவ், அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, என்பது பொதுக் கணக்கு. இரண்டு அங்குல மெயின் ஜர்னலுக்கு இரண்டு தவ். இந்த இடைவெளி இரண்டு மடங்கானால் கசிவு இரண்டு மடங்கோடு நிற்காது, எட்டு மடங்காகும். கசிவு இடைவெளியின் மும்மடியைப் பொறுத்தது (2×2×2). அதனால்தான் பல வருடம் மெல்ல மெல்ல இறங்கிய ப்ரெஷர் ஒரு கட்டத்துக்கு மேல் திடீரென்று சரிவதுபோலத் தெரியும். உங்கள் நோட்டில் வருடத்துக்கு வருடம் எழுதிய எண்கள் இருந்தால் அந்தச் சரிவு வரும் முன்பே தெரிந்துவிடும்.

அறிகுறி: ஐட்லிங்கில் பரவாயில்லை, ஆனால் ரேஸ் கொடுத்தும் ஏறவில்லை

ஐட்லிங்கில் 15, ஓட்டத்தில் 25-லேயே நிற்கிறது என்றால் ரிலீஃப் வால்வைப் பாருங்கள். ப்ரெஷர் ஒரு எல்லைக்கு மேல் போனால் ஆயிலைச் சேம்பருக்குத் திருப்பிவிடும் வால்வு இது. பி-சீரிஸில் பிளாக்கின் இடப்பக்கம் பின்னால், குமிழ் வடிவ நட்டுக்கு உள்ளே இருக்கிறது. நட்டைக் கழற்றினால் ஸ்பிரிங் வரும், அதன் பின்னால் கிண்ணம் போன்ற பிளஞ்சர். பிளஞ்சர் விரலுக்கு வராமல் சிக்கியிருந்தால் கோளாறு அங்கேயே இருக்கிறது. வெளியே எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். சீட்டில் உட்காரும் விளிம்பில் மங்கலான வளையம் ஒன்று முழுச் சுற்றும் தெரிய வேண்டும். வளையம் ஒரு பக்கம் அறுந்தோ கோடு விழுந்தோ இருந்தால், அல்லது நடுவே ஒரு துணுக்கு பதிந்திருந்தால், ஆயில் எப்போதும் அந்த வழியே ஓடிக்கொண்டிருக்கிறது. விளிம்பு எங்கே படுகிறது என்று காட்டும் நீலச் சாயம் தடவி உட்கார வைத்துச் சோதித்து, லேசாகக் கிரைண்டிங் பேஸ்ட் போட்டுத் தேய்த்து, சுத்தமாகக் கழுவிப் பூட்டுங்கள். ஸ்பிரிங் நீளத்தைக் கையேட்டோடு ஒப்பிடுங்கள், குறைந்திருந்தால் புதிது.

“சார், ஸ்பிரிங்குக்குப் பின்னாடி ரெண்டு வாஷர் போட்டுத் தர்றேன், முள்ளு அப்படியே நிக்கும் பாருங்க” என்று பட்டறையில் சொல்வார்கள். இதை ஒப்புக்கொள்ளாதீர்கள். வாஷர் போட்டால் வால்வு திறக்கும் எல்லைதான் உயரும். ஐட்லிங்கில் அந்த வால்வு மூடியே இருக்கிறது, அதனால் அங்கே ஒரு பி.எஸ்.ஐ.கூட ஏறாது. குளிர்ந்த எஞ்சினில் மட்டும் ப்ரெஷர் எகிறி, ஃபில்டர் வளையத்தையும் பம்ப் டிரைவையும் பதம் பார்க்கும்.

வால்வு நன்றாக இருந்தால் அடுத்து ஆயில் சேம்பர் வலை. பல வருடம் நின்றிருந்த காரில் டிடர்ஜென்ட் உள்ள புது ஆயிலை ஊற்றியதும், உள்ளே படிந்த கசடெல்லாம் கரைந்து வலையில் போய் அடைக்கும். ஓட்டிக்கொண்டே இருக்கும்போது ப்ரெஷர் மெல்லக் குறைந்து, நிறுத்திச் சற்று நேரம் கழித்து ஸ்டார்ட் செய்தால் மறுபடி நன்றாகக் காட்டினால் இதுதான். சேம்பரை இறக்கிக் கழுவாமல் வேறு வழியில்லை. நீண்ட நாள் நின்ற காரை எழுப்பும்போது முதல் ஆயிலைச் சில நூறு கிலோமீட்டரிலேயே மாற்றிவிடுவது நல்லது.

பலரும் கவனிக்காத ஒன்று: பைபாஸ் ஃபில்டர். பழைய எஞ்சின்கள் பலவற்றில் ஆயில் முழுவதும் ஃபில்டர் வழியே போகாது. ஒரு சிறு பங்கு மட்டும் ஊசித் துளை வழியே போய் வடிகட்டிச் சேம்பருக்குத் திரும்பும். யாராவது அந்தத் துளையுள்ள யூனியனை (பைப் இணைப்பு) தூக்கிவிட்டுச் சாதாரண யூனியன் போட்டிருந்தால், ப்ரெஷர் முழுவதும் அந்தப் பைப் வழியே ஓடிவிடும். ஃபில்டர் பைப்பைத் தற்காலிகமாக அடைத்துவிட்டு அளவெடுங்கள். முள் ஏறினால் குற்றவாளி அகப்பட்டான்.

அறிகுறி: குளிரிலும் குறைவு, சூட்டிலும் குறைவு

குளிர்ந்த ஆயில், சூடான ஆயிலைவிடப் பல மடங்கு கெட்டி. அந்த நிலையில் சுமாராகத் தேய்ந்த பேரிங்கும் நல்ல ப்ரெஷரைக் காட்டிவிடும். ஆகவே காலையிலேயே 20-ஐத் தாண்டவில்லை என்றால் பேரிங்கை அப்புறம் பார்க்கலாம். பம்ப், ரிலீஃப் வால்வு, உறிஞ்சு பைப் மூன்றையும் முதலில் பாருங்கள். பம்ப் மூடியைக் கழற்றி, கியர் சுற்றிச் சுற்றிப் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று நகத்தால் தடவுங்கள். நகம் தட்டினால் மூடியைக் கண்ணாடி மேல் வைத்த எமரித் தாளில் எட்டு வடிவில் தேய்த்துச் சமமாக்கலாம். கியர் முனைக்கும் மூடிக்கும் நடுவே ஃபீலர் கேஜ் நாலைந்து தவுக்கு மேல் போனால் பம்ப் தேய்ந்தது. புது பம்ப் கிடைக்கும் காருக்குப் புதிதே மேல்.

அறிகுறி: முள் நடுங்குகிறது, வளைவிலும் பிரேக்கிலும் விழுகிறது

பம்ப் ஆயிலோடு காற்றையும் இழுக்கிறது. லெவல் குறைவு முதல் காரணம். லெவல் சரியாக இருந்தால் உறிஞ்சு பைப்பின் பேக்கிங் அல்லது விரிசல். அந்தக் கால டாட்ஜ், பிளைமவுத் ஆறு சிலிண்டர்களில் வலை ஆயில் மேல் மிதக்கும் வகை. மிதவையில் ஓட்டை விழுந்தாலோ மூட்டு இறுகினாலோ இதே நடுக்கம் வரும். ஆயில் அளவுக்கு மேல் ஊற்றியிருந்தாலும் கிராங்க் அதைக் கடைந்து நுரையாக்கும், நுரையைப் பம்ப் தள்ளாது.

அறிகுறி: காலையில் சில நொடி கடகட சத்தம், பிறகு சரி

இரவில் ஃபில்டர் கிண்ணம் காலியாகிவிடுகிறது. கிண்ணத்தின் மேல் வளையத்தைப் பாருங்கள். பழைய வளையம் பள்ளத்திலேயே ஒட்டியிருக்க, அதன் மேல் புதிதைப் போட்டிருப்பார்கள். ஊசியால் பழையதைக் கிளப்பி எடுத்துவிட்டு ஒன்று மட்டும் போடுங்கள்.

அறிகுறி: ப்ரெஷர் மிக அதிகம்

குளிரில் 70 காட்டுவது சரி. சூடான பிறகும் 80-க்கு மேல் நின்றால் ரிலீஃப் வால்வு மூடிய நிலையில் சிக்கியிருக்கிறது, அல்லது யாரோ முன்பே வாஷர் போட்டிருக்கிறார்கள், அல்லது ஆயில் மிகக் கெட்டி. எஞ்சினைப் பிரித்துப் பூட்டிய ஓவர்ஹாலுக்குப் பிறகு இப்படி ஆனால் இன்னொன்றையும் யோசியுங்கள்: கேம் பேரிங் புஷ்ஷைத் திருப்பிப் போட்டு ஆயில் துளை அடைபட்டிருக்கலாம். கேஜ் நிறைய காட்டும், ராக்கர் காய்ந்து கிடக்கும். ராக்கர் மூடியைத் திறந்து ஐட்லிங்கில் ஆயில் ஊறி வருகிறதா என்று கண்ணால் பாருங்கள்.

அறிகுறி: ஓடும்போது திடீரென்று பூஜ்யம்

சாவியை அணையுங்கள். உடனே. நியூட்ரலில் உருட்டி ஓரம் கட்டி, காருக்கு அடியில் ஆயில் கொட்டுகிறதா, கேஜ் பைப் உடைந்ததா, ஃபில்டர் வளையம் பிதுங்கியதா என்று பாருங்கள். வெளியே ஒன்றும் தெரியாவிட்டால் பம்ப் டிரைவ் போயிருக்கலாம். பட்டறை பக்கத்தில்தானே என்று மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். பேரிங்கில் உள்ள ஒயிட் மெட்டல் ஈயத்தையும் தகரத்தையும் போல எளிதில் உருகுவது. தகரம் அதிகமுள்ள கலவை சுமார் 240 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். ஆயில் இல்லாத ஜர்னல் அந்தச் சூட்டை எட்டப் பெரம்பூர் பாலம் ஏறி இறங்கும் நேரம் போதும். கட்டி இழுத்துக்கொண்டு போகும் செலவு, கிராங்க் கிரைண்டிங் செலவுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

அறிகுறி: ப்ரெஷர் குறைவு, கூடவே தட்டும் சத்தம்

லோடில் ஏறும்போது அடியிலிருந்து கனத்த “தொம் தொம்” வந்தால் மெயின் பேரிங். ஆக்ஸிலேட்டரை விட்டதும் படபடவென்று அடித்தால் பிக் எண்ட், அதாவது கனெக்டிங் ராடு கிராங்கைப் பிடிக்கும் இடத்துப் பேரிங். ஒவ்வொரு பிளக் வயராகக் கழற்றிப் பாருங்கள்; எந்த சிலிண்டரில் சத்தம் அடங்குகிறதோ அந்த ராடு. இந்த நிலையில்தான் சேம்பரை இறக்க வேண்டும், ஆயிலை மாற்றிப் பயனில்லை.

பிக் எண்ட் மூடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் பேரிங் தகடான ஷெல்லைப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் சீராக இருந்தால் நல்லது. செம்பு நிறம் எட்டிப் பார்த்தால் மேல் பூச்சு தேய்ந்தது. பிளாஸ்டிகேஜ் நூல் வைத்து இறுக்கிக் கழற்றினால், அது நசுங்கிய அகலத்திலிருந்து இடைவெளி தெரிந்துவிடும். ஜர்னலை மைக்ரோமீட்டரில் குறுக்கும் நெடுக்குமாக அளக்காமல் புது ஷெல் மட்டும் போட ஒப்புக்கொள்ளாதீர்கள். முட்டை வடிவம் ஆன ஜர்னலில் புது ஷெல் சில மாதம்கூடத் தாங்காது. இந்தியா பிஸ்டன்ஸ், சிம்சன் போன்ற ஆலைகள் இருக்கும் செம்பியம், பெரம்பூர் பக்கத்தில் அளவெடுக்கத் தெரிந்த லேத் பட்டறையைத் தேடிப் பிடிப்பது கஷ்டமில்லை. கிராங்கை 10, 20 தவ் என்று படிப்படியாகத்தான் கிரைண்டிங் செய்வார்கள். எந்த அளவு ஷெல் கையில் கிடைக்கிறது என்று பார்த்துவிட்டுப் பிறகு கிரைண்டிங்குக்குக் கொடுங்கள், மாற்றிச் செய்தால் கிராங்க் ஷெல்லுக்குக் காத்துக் கிடக்கும்.

இந்தக் கட்டத்தில் “வேற எஞ்சின் போட்டுக்கலாமே” என்று ஒருவர் வருவார். ஷெல் கிடைக்கிறது என்றால் அதற்கு இணங்காதீர்கள். 2021-ல் வந்த விதிகளின்படி 50 வருடம் தாண்டிய வாகனத்தை “வி.ஏ.” எழுத்துகளோடு விண்டேஜ் என்று பதிய, சேசிஸ், பாடி, எஞ்சின் மூன்றும் பெரிய மாற்றம் இல்லாமல் அசல் வடிவில் இருக்க வேண்டும்.

அறிகுறி: ஓவர்ஹால் முடிந்தது, ப்ரெஷரே வரவில்லை

பதற்றம் வேண்டாம், ஸ்டார்ட் செய்யவும் வேண்டாம். புது பம்ப் காய்ந்து கிடப்பதால் ஆயிலை உறிஞ்சவில்லை. பூட்டும்போதே பம்ப் கியர்களுக்கு நடுவே வாசலைனை அடைத்துப் பூட்டியிருந்தால் இந்தத் தொல்லை வராது. கிரீஸ் அடைக்கக் கூடாது; அது சூடான ஆயிலிலும் எளிதில் கரையாமல் துளைகளில் போய் உட்காரும்.

பிளக்குகளைக் கழற்றி, காயில் வயரை எடுத்துவிட்டு, பத்துப் பதினைந்து நொடி செல்ஃப் அடித்து, மோட்டார் ஆற இடைவெளி விட்டு மறுபடி அடியுங்கள். கேஜ் பைப் நட்டை எஞ்சின் பக்கம் அரைச் சுற்று தளர்த்தி, கீழே துணி வையுங்கள். முதலில் காற்றுக் குமிழி, பிறகு நுரை, பிறகு தெளிவான ஆயில் வரும். தெளிந்ததும் நட்டை இறுக்குங்கள், முள் எழும். பல தடவை அடித்தும் துளி வரவில்லை என்றால் பிளாக்கைக் கழுவக் கழற்றிய கேலரி பிளக் (ஆயில் ஓடும் வழியின் அடைப்பான்) ஒன்று மறந்துபோயிருக்கிறது, அல்லது பம்ப் பேக்கிங்கின் துளை மாறி உட்கார்ந்திருக்கிறது. சேம்பரை இறக்கித்தான் ஆக வேண்டும்.

முள் எழுந்த பிறகே பிளக் பூட்டி ஸ்டார்ட் செய்யுங்கள். கேமும் டேப்பெட்டும் புதிது என்றால் முதல் இருபது நிமிடம் ஐட்லிங்கில் விடாமல் 1,500–2,000 ஆர்.பி.எம்.-ல் ஓட்டுங்கள், துத்தநாகம் அதிகமுள்ள ஆயிலாக ஊற்றுங்கள். 500 கி.மீ. ஓடியதும் ஆயிலும் ஃபில்டரும் மாற்றி, அந்தப் பழைய ஆயிலை வெள்ளைத் துணியில் வடித்துத் துகள் இருக்கிறதா என்று பாருங்கள். அன்றைக்கே மூன்று அளவுகளையும் எடுத்து, தேதியும் ஆயில் கிரேடும் சேர்த்து நோட்டில் எழுதுங்கள். அடுத்த மே மாதம் எண்ணூர் விரைவுச் சாலையில் முள் இறங்கும்போது ஒப்பிட அந்த எண்கள்தான் வேண்டும்.